வீட்டு வாசலில் ஒரு குச்சி ஐஸ் கடை: பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்குவோருக்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால், மே 4 வாக்கில் கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால், எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாலை நான்கு மணி என்பது ஒரு கேள்வியாக நிற்கும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது என் மகளும் அண்ணன் பிள்ளைகள் இருவரும் ஒரு ஐஸ் கடை போடலாம் என்றார்கள். மூன்று கோடைகளாக அதை நடத்திவருகிறோம். முதல் ஆண்டு நாங்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை என்பதால், புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்காக அவற்றை வரிசையாக எழுதுகிறேன். விலை கொடுத்து இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் ஃப்ரிட்ஜ், சில டம்ளர்கள், ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டு ஆகியவை போதும்.

முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியவை

கடை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து யார் எந்த வேலையைச் செய்வது என்று பேசிவிட வேண்டும். அடுப்பு, கத்தி, மிக்ஸி, கொதிக்கும் பால் ஆகியவை பெரியவர்களுடைய வேலை; பழம் கழுவுவது, அளப்பது, அச்சில் ஊற்றுவது, குச்சி செருகுவது, விற்பது, கணக்கு எழுதுவது ஆகியவை பிள்ளைகளுடைய வேலை. இந்தப் பிரிவினையை நாங்கள் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். அதில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: எந்தச் சுவை செய்வது, என்ன விலை வைப்பது, என்றைக்கு விடுமுறை விடுவது என்ற மூன்றையும் பிள்ளைகளே தீர்மானிப்பார்கள். பெரியவர்கள் ஆலோசனை சொல்லலாம்; முடிவை எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா அம்மாவே எல்லாவற்றையும் முடிவு செய்யும் கடையில் பிள்ளைகள் மூன்றாம் நாளே சலித்துப்போவதை இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தம் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். ஆனால் அது ஆபத்தில்லாத வேலையாகவும், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ செய்வதாகவும், படிப்பைப் பாதிக்காததாகவும் இருக்க வேண்டும். குடும்பம் என்பதற்கு அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது: தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தாய் தந்தையரின் உடன்பிறந்தவர்கள். ஆகவே பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி வீட்டுக் கடையில் பிள்ளை நிற்கலாம். பக்கத்து வீட்டுப் பையனைச் சம்பளத்துக்கு நிறுத்தக் கூடாது. அடுத்தது உணவுப் பாதுகாப்பு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வீட்டிலிருந்து தயாரித்து விற்கும் சிறு வியாபாரிகளையும் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. பதிவை வீட்டுப் பெரியவர் ஒருவர் பெயரில் இணையவழியாகவே செய்யலாம், கட்டணமும் சிறியதுதான். பதிவுச் சான்றின் நகலைக் கடை மேசையில் வைத்தால் வாங்க வருவோருக்கும் நம்பிக்கை வரும்.

அச்சும் குச்சியும்

அச்சுக்குக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் வார்ப்புகளைத் தேடிப் போக வேண்டாம். காபி குடிக்கும் சிறிய எவர்சில்வர் டம்ளர், அதாவது எழுபது மில்லிலிட்டர் அளவுள்ளது, மிகச் சிறந்த அச்சு. வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் ஐஸ் எளிதாகக் கழன்று வரும். உலோகம் என்பதால் குளிர் விரைவாக உள்ளே இறங்கும். கொதிக்கும் நீரில் போட்டுக் கழுவவும் முடியும். இருபது டம்ளர்கள் ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் ஒரே விலை கொடுத்த இரண்டு குழந்தைகள் வாசலிலேயே சண்டை போடுவார்கள்.

பிளாஸ்டிக் கப், உறிஞ்சுகுழல் ஆகியவற்றை வாங்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் அடங்கும். ஐஸுக்கான பிளாஸ்டிக் குச்சிகளை 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் மரக்குச்சி கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அவற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் நன்றாக உலர்த்தி மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதன் நுனி சின்னப் பிள்ளைகளின் அண்ணத்தைக் கிழித்துவிடும் என்பதால் விற்பனைக்கு அது ஆகாது.

குச்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1905ஆம் ஆண்டு ஃபிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுச் சிறுவன், சோடாப் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு வீட்டு முகப்பில் இரவு மறந்துவைத்துவிட, காலையில் அது குச்சியோடு உறைந்திருந்தது. பெரியவனான பிறகு, 1924இல், அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊரிலும் அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் விற்றுத்தான் ஆரம்பித்தார். இந்த இரண்டையும் சொன்ன பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டம்ளர் கழுவியதில் ஒரு தனி மிடுக்கு இருந்தது.

தண்ணீர், சாயம், கை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அது தவறு. குளிரில் கிருமிகள் பெரும்பாலும் பெருகாமல் உறங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். ஐஸ் வாயில் உருகும்போது அவையும் விழித்துக்கொள்ளும். டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் கெட்ட தண்ணீரில் செய்த ஐஸ் வழியாகப் பரவக்கூடியவை. ஆகவே கலவையில் சேரும் ஒவ்வொரு துளித் தண்ணீரும் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்துவிடுங்கள்.

வெளியில் விற்கும் பாளம் பாளமான ஐஸ் மீனைக் குளிரவைக்கவும் பிற தொழில்களுக்கும் செய்யப்படுவது. உண்ணத்தகாத அத்தகைய ஐஸை அடையாளம் காண்பதற்காக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. நீலமாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும், வாங்கிய ஐஸ் பாளத்தைப் பாத்திரத்துக்கு வெளியே குளிரூட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தலாம். கலவைக்குள் ஒரு சில்லுகூட விழக் கூடாது.

சாயப்பொடி வேண்டவே வேண்டாம். ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை விதித்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். பன்னீர் திராட்சை தரும் ஊதாவும், பீட்ரூட் தரும் சிவப்பும், மாம்பழம் தரும் மஞ்சளும் போதாது என்று எந்தக் குழந்தையும் எங்கள் வாசலில் சொன்னதில்லை.

வேலை தொடங்கும் முன் பிள்ளைகள் நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளைக்கு அன்று சமையலறைக்குள் வேலை இல்லை. அது தண்டனை அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லி, அன்றைக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலையைக் கொடுத்தால் மனம் வாடாது.

கலவை: சர்க்கரைதான் சூட்சுமம்

சிறுவயதில் குச்சி ஐஸை வேகமாக உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிட, கையில் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சியது நினைவிருக்கிறதா? உறையும்போது முதலில் தண்ணீர் மட்டும் தனியே படிகமாகிறது. சர்க்கரையும் நிறமும் அந்தப் படிகங்களின் இடுக்கில் பாகாகத் தங்கிவிடுகின்றன. அந்தப் பாகுதான் ஐஸைக் கடிக்கும்படி மென்மையாக வைக்கிறது. சர்க்கரை குறைந்தால் பாகு குறைந்து ஐஸ் கல்லாகிவிடும். மிகுந்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாமல் கூழாக நிற்கும். எங்கள் அனுபவத்தில் ஒரு லிட்டர் கலவைக்கு 140 முதல் 160 கிராம் சர்க்கரை சரியாக இருக்கிறது. பழமே இனிப்பாக இருந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், உறையும் முன் சுவைத்துப் பார்க்கும்போது கலவை சர்பத்தைவிடச் சற்றுத் தூக்கலாக இனிக்க வேண்டும்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு சுவை மட்டும் செய்யுங்கள். நான் பரிந்துரைப்பது பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து வரும் இந்தத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் மதுரைப் பக்கத்துச் சந்தைகளில் தாராளமாகக் கிடைக்கும். அரைக் கிலோ திராட்சையை உப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்று முறை அலசி, அரை லிட்டர் தண்ணீரில் தோல் வெடிக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். வெதுவெதுப்பாக ஆறியதும் பிள்ளைகள் கரண்டியால் மசித்து வடிகட்டலாம்; விதையை மிக்ஸியில் அரைத்துவிட்டால் கசப்பு ஏறிவிடும். சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, முழுதாக ஆறிய பின் அரை எலுமிச்சம்பழத்தின் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் பன்னிரண்டு டம்ளர்களுக்குக் கலவை தயார்.

இது கைவந்த பிறகு சேமியா பால் ஐஸுக்குப் போகலாம். ஒன்றரை லிட்டர் கொழுப்பு மிகுந்த பாலை, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற 6 விழுக்காடு கொழுப்புள்ளதை, அடிபிடிக்காமல் கிளறி ஒன்றேகால் லிட்டராகச் சுண்டவிட வேண்டும். 200 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்த கரைசல், ஏலக்காய்ப் பொடி ஆகியவற்றைச் சேர்த்து மேலும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். சோளமாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பெரிய பெரிய ஐஸ் ஊசிகள் உருவாகாமல் பால் ஐஸ் வழவழப்பாக வரும். ஐம்பது கிராம் சேமியாவைத் தனியே குழைய வேகவைத்து வடித்து, ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் ஒரு சிறு கரண்டி போட்டு அதன்மேல் பாலை ஊற்றினால், கவிழ்த்து எடுக்கும்போது சேமியா ஐஸின் தலையில் இருக்கும். முந்திரி, பாதாம் சேர்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். கொட்டைப் பருப்பு ஒவ்வாத குழந்தைகள் தெருவில் யார் என்று நமக்குத் தெரியாது. அப்படிச் சேர்ப்பதாக இருந்தால் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும்.

நன்னாரி சர்பத்தில் செய்யும்போது, குடிப்பதற்குக் கலப்பதைவிடக் குறைந்த தண்ணீரில் கலந்தால் போதும். வேறு சர்க்கரை வேண்டாம்.

உறையவைக்கும் முறை

எங்கள் முதல் நாள் எப்படிக் கெட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணிக்கு நான்கு சுவைகளில் நாற்பது டம்ளர்களை, இளஞ்சூடு ஆறாத கலவையோடு, ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கினோம். மாலை நான்கு மணிக்கு எதுவும் உறையவில்லை. வாசலில் எட்டுக் குழந்தைகள் காசோடு நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் மூவரும் அழுதுவிட்டார்கள். சின்ன ஃப்ரீசர் ஒரே நேரத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு டம்ளர்களைத்தான் ஒழுங்காக உறையவைக்கும். அதற்கும் ஓர் இரவு முழுவதும் வேண்டும்.

ஆகவே முதல் நாள் மாலையே கலவையைச் செய்து, முழுதாக ஆறவைத்து, பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் குளிரவைக்க வேண்டும். ஃப்ரீசரில் வெள்ளைப் பனி தடித்துப் படிந்திருந்தால் முன்கூட்டியே உருக்கித் துடைத்துவிட வேண்டும். அந்தப் பனி ஒரு போர்வை போலக் குளிரைத் தடுக்கும். குளிர்க் குமிழை உச்சத்தில் வைத்து, மீன், இறைச்சி எதுவும் அந்தத் தட்டில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டம்ளர்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தட்டின் உலோகத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரிவதால் விளிம்புக்குக் கீழே அரை விரல் இடம் விட்டு ஊற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்பரப்பு கூழ்போல் இறுகியிருக்கும். அப்போது குச்சியைச் செருகினால் சாயாமல் நேராக நிற்கும். இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதைத் தடுப்பதுதான் பெரியவர்களுக்கு உள்ளதிலேயே கடினமான வேலை. விரைவாக உறைந்தால் படிகங்கள் பொடியாகவும், மெல்ல உறைந்தால் ஊசி ஊசியாகவும் வரும் என்று காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

காலையில் டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி பிடித்துக் குச்சியை மெல்லத் திருகினால் ஐஸ் கழன்றுவிடும். உடனே வெண்ணெய்த்தாளில் சுற்றி, சுத்தமான மூடி போட்ட டப்பாவில் அடுக்கி மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், அதே டம்ளர்களில் அடுத்த ஈட்டை ஊற்றலாம். மின்சாரம் நெடுநேரம் நின்று பால் ஐஸ் இளகிவிட்டால் அதை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது. இழப்பு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் கொட்டிவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் இதைச் செய்ய வழி இருக்கிறது. குல்ஃபிக்காரர்கள் சிவப்புத் துணி சுற்றிய பானையில் காலங்காலமாகச் செய்துவருவது அதுதான். எடைக்கு மூன்று பங்கு நொறுக்கிய ஐஸும் ஒரு பங்கு கல்லுப்பும் கலந்தால், உப்பு ஐஸை உருகச் செய்ய, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது சுற்றியிருப்பவற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்ள, கலவையின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரிக்கும் அப்பால் இறங்கிவிடும். இறுக்கமான மூடியுள்ள குறுகிய உலோகக் குப்பிகளில் பால் கலவையை ஊற்றி அந்த வாளிக்குள் கழுத்துவரை புதைத்து, வாளியைச் சாக்கால் சுற்றினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உறைந்துவிடும். அந்த உப்பு ஐஸை வெறுங்கையால் அள்ளக் கூடாது. தோல் நெருப்புச் சுட்டதுபோல் கொப்பளித்துவிடும். வாளிப் பக்கம் பிள்ளைகளை விடாமல் பெரியவர் ஒருவரே நீண்ட கரண்டியால் கிளற வேண்டும்.

வாசலில் உருகாமல் வைத்திருப்பது

ஐஸ் செய்வதைவிட அதை இரண்டு மணி நேரம் கெட்டியாக வைத்திருப்பதே கடினம். இன்சுலின் போன்ற மருந்துகள் வந்து இறங்கும் தெர்மோகோல் பெட்டிகளை மருந்துக்கடைக்காரர்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மீன் வந்த பெட்டியை வாங்க வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாடை போகாது. பெட்டியைச் சுற்றிக் கோணிச்சாக்கை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட வேண்டும். சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் அந்தப் பகுதியைச் சொல்கிறோம். மாதக்கணக்கில் கடலில் வந்த அந்த ஐஸ் பாளங்களை உருகாமல் காத்தது மரத்தூள்தான். நம் பெட்டிக்குச் சாக்கு செய்வதும் அதே வேலை.

பெட்டிக்குள் வெறும் ஐஸ்கட்டியை நிரப்பினால் போதும் என்று நினைத்தோம், போதவில்லை. வெறும் ஐஸ் பூஜ்யம் டிகிரியில்தான் நிற்கும்; சர்க்கரை கலந்த நம் குச்சி ஐஸோ பூஜ்யத்துக்குக் கீழேயே இளகத் தொடங்கிவிடும். இதற்கு மிக எளிய தீர்வு, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, பழைய தண்ணீர்ப் பாட்டில்களில் முக்கால் பாகம் ஊற்றி, முதல் நாளே உறையவைத்துக்கொள்வது. இந்த உப்புநீர் பூஜ்யத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி கீழேயே உருகிவிடும் என்பதால், பெட்டியின் அடியிலும் ஓரங்களிலும் நான்கு பாட்டில்களை வைத்தால் இருபது ஐஸ் இரண்டு மணி நேரம் கடிக்கும் பதத்திலேயே இருக்கும். பாட்டிலில் ‘உப்புநீர், குடிக்க அல்ல’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடை திறப்பு

இடம் திண்ணையாகவோ வேப்பமர நிழலாகவோ இருக்கட்டும். வாங்க வரும் குழந்தை தெருவைக் கடக்க வேண்டிய இடத்தில் மேசை போடக் கூடாது. நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. மட்டை தூக்கிக்கொண்டு திரும்பும் பிள்ளைகளும், டியூஷனுக்குப் போவோரும், கோவிலுக்குப் புறப்படுவோரும் அப்போதுதான் தெருவில் இருப்பார்கள். உச்சிவெயிலில் ஒரு குழந்தையையும் வாசலில் உட்காரவைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர், தாத்தாவோ பாட்டியோ ஆனாலும் சரி, எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் நாள்தோறும் ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் வருவாரென்றால் அவர் வரும் நேரத்தில் கடை வைக்காதீர்கள். நமக்கு இது விடுமுறைக்கால வேலை; அவருக்கு அன்றாடப் பிழைப்பு. நாங்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும், அவர் போன பிறகு திறந்தோம். இரண்டாம் ஆண்டில் அவரே நின்று, பெட்டியை அடிக்கடி திறக்காமல் ஒரே முறையில் இரண்டு மூன்று எடுத்துக் கொடுக்கும்படி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

காசு வாங்கும் கையும் ஐஸ் எடுக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை கல்லாப்பெட்டியில், ஒரு பிள்ளை இடுக்கியோடு ஐஸ் பெட்டியில், மூன்றாமவர் நோட்டில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வேகத்தில் கொடுத்தால் சின்னக் குழந்தைகளின் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அரை நிமிடம் வெளியே வைத்துக் கொடுப்பது நல்லது. சில்லறையாக ஐம்பது ரூபாய் முன்கூட்டியே பெட்டியில் இருக்க வேண்டும். அதையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். யுபிஐயில் கொடுப்பவர்களுக்காகப் பெரியவர் ஒருவரின் க்யூஆர் அட்டையை வைக்கலாம். ஆனால் பணம் பிள்ளைகளின் கண்ணில் படாமலே போய்விடும் என்பதால், அன்று மாலையே அந்தத் தொகையை நோட்டுகளாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். கடன் கேட்டு வரும் தோழர்களுக்கு என்ன சொல்வது என்பதையும் பிள்ளைகளே முன்கூட்டி முடிவு செய்யட்டும். எங்கள் பிள்ளைகள், காசில்லாமல் வருபவர் பத்துக் குச்சிகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் ஒரு ஐஸ் என்று வைத்தார்கள். தெரு சுத்தமாக இருந்தது.

கணக்கு

விலையைக் கணக்குப் போட்ட பிறகுதான் வைக்க வேண்டும். பால் லிட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபது சேமியா ஐஸுக்குப் பால் 90 ரூபாய், சர்க்கரை 9, சேமியாவும் சோளமாவும் ஏலக்காயும் 10, குச்சி 10, எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் தோராயமாக 15, உப்பு 3, ஆக மொத்தம் 137 ரூபாய். ஒன்றின் அடக்கவிலை ஏறக்குறைய 7 ரூபாய். பத்து ரூபாய்க்கு விற்றால் 63 ரூபாய் லாபம் என்று என் அண்ணன் மகன் உடனே எழுதிவிட்டான். அன்று மாலை இரண்டு உருகிப்போயின. இரண்டை அவர்களே தின்றுவிட்டார்கள். பதினாறு விற்று 160 ரூபாய் வந்தது, லாபம் 23. தின்ற இரண்டையும் உருகிய இரண்டையும் நோட்டில் தனிக்கட்டத்தில் எழுதவைத்தேன். அடுத்த நாள் ஒருவரும் பெட்டியில் கைவைக்கவில்லை.

முதலீட்டை யார் போட்டார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். அம்மா வாங்கித்தரும் பாலை இலவசம் என்று நினைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அடக்கவிலை என்பதே புரியாது. நாங்கள் 300 ரூபாயைக் கடனாகக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் விற்ற பணத்திலிருந்து முதலில் மறுநாள் பாலுக்கும் சர்க்கரைக்கும் எடுத்துவைத்து, பிறகு ஐம்பது ஐம்பதாகக் கடனைத் திருப்பச் சொன்னோம். மிஞ்சியதை மூவரும் பிரித்துக்கொண்டார்கள். வயதுக்கேற்பப் பிரிப்பதா, சமமாகப் பிரிப்பதா என்று அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் வேலைக்கு வந்த நாட்களை எண்ணிப் பிரித்தார்கள். நான் அதில் தலையிடவில்லை.

மூடும்போது

ஆறு மணிக்கு விற்பனையை நிறுத்திவிட வேண்டும், வரிசை இருந்தாலும் சரி. பெட்டியில் மிஞ்சியவை மறுபடி ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. கெட்டியாக இருப்பவற்றைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம், இளகியவற்றைக் கொட்டிவிட வேண்டும். உப்புநீர்ப் பாட்டில்களைத் துடைத்து நேராக ஃப்ரீசரில் நிறுத்தலாம். தெர்மோகோல் பெட்டியைச் சோப்பு நீரால் துடைத்து, மூடியைத் திறந்தபடி நிழலில் காயவைக்க வேண்டும். டம்ளர்கள், இடுக்கி, வடிகட்டி ஆகியவற்றைப் பெரியவர் ஒருவர் கொதிநீரில் போட்டு எடுக்க, பிள்ளைகள் அவற்றைத் துணியால் துடைக்காமல் சுத்தமான தட்டில் கவிழ்த்து அடுக்கட்டும். துணியின் ஈரத்திலிருந்துதான் வாடை ஏறுகிறது. மறுநாளைக்கான திராட்சையை இரவே ஊறவைக்க வேண்டாம், புளித்துவிடும்.